ஊருக்குத்தான் உபதேசம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மகளிர் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். "வெட்கப்படாதீங்க, எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆராய்ச்சியில நிரூபிச்ச வைத்தியமா பார்த்து எடுத்துக்குங்க" என்று முழங்குவேன். கை தட்டுவார்கள், சுண்டல் தருவார்கள். அதில் நான் ஏற்றுக்கொண்டது சுண்டலை மட்டும்தான்.

வெள்ளைப்படுதலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிப்பும் நாற்றமும் இல்லாமல் கொஞ்சம் படுவது இயல்பு, மாதத்தின் நடுவில் அது கூடுவதும் இயல்பு. தயிர்த் திப்பிபோல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை, மீன் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியா, இரண்டுக்கும் மருந்து வேறு. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்வேன். எனக்கே நாற்றம் வந்தபோது ‘சூடு’ என்று முடிவுகட்டி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன். சரிவரவில்லை என்றதும் மெடிக்கலுக்குப் போனேன். கடையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "என்னாக்கா வேணும்?" என்றான் கடைப் பையன். "தலைவலி மாத்திரை" என்றேன்.

அடுத்த முறை பெரியவர் இல்லை. துணிச்சலாகப் பூஞ்சை மாத்திரை ஒன்றை வாங்கி விழுங்கினேன். பாக்டீரியா அதைச் சட்டை செய்யவில்லை. பிறகுதான் டாக்டரிடம் போனேன். மெட்ரோனிடசோல் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். வாயெல்லாம் இரும்பைச் சப்பிய ருசி. நாற்றம் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினேன், அது நிறுத்தவில்லை.

நாற்பதைத் தாண்டியதும் பெரும்பாடு, அதாவது மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு, வந்து சேர்ந்தது. "நாப்கின் எத்தனை தடவை மாத்துறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அறைக்கு வெளியே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். "நார்மலாதான் டாக்டர்" என்றேன். அன்றாட வேலையைக் கெடுக்கிற அளவுக்குப் போனாலே அது அதிகம்தான், அளந்து காட்டத் தேவையில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாய். ஹீமோகுளோபின் சீட்டு வந்ததும் பொய் உடைந்தது.

டிரானெக்சாமிக் அமில மாத்திரையைப் போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போட்டால் ஏறக்குறைய பாதி குறையும். எனக்கு அந்த மாத்திரை ஞாபகம் வருவது எல்லாம் முடிந்து தலைக்குக் குளித்த பிறகுதான். ஹார்மோன் லூப் என்று இன்னொரு வழியையும் டாக்டர் சொன்னார். "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே, லூப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனமாகப் பேசியதாக நினைத்துக்கொண்டேன். அந்த லூப் பெரும்பாட்டுக்கும் வைத்தியம். இங்கிலாந்தில் 571 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மாத்திரைகளைவிட அதுவே பெண்களின் அன்றாடத்தை நன்றாக மீட்டது.

இரும்புச்சத்து மாத்திரையையாவது ஒழுங்காகப் போட்டேனா? டீயோடு போட்டேன். டீ இரும்பை உடம்பில் சரியாக ஏறவிடாது. அதிலும் ஒருநாள் போட்டால் மறுநாள் மறப்பேன். 2017-இல் சூரிச் ஆராய்ச்சியாளர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று வெளியிட்டதைப் படித்தபோது என் மறதிக்குச் சான்றிதழ் கிடைத்ததுபோல் துள்ளினேன். அந்த ஆய்வு நடந்தது ரத்தசோகை வராத பெண்களிடம் என்று அடுத்த வரியில் இருந்தது. அந்த வரியை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

இத்தனையையும் அரைகுறையாகச் செய்துவிட்டு, "எதுவும் கேக்கல, கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர்" என்று போய் நின்றேன். சின்னம்மாவின் யோசனை அது: "புள்ள பெத்தாச்சு, இனிமே அது எதுக்குடி?" தேவையில்லாத கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, அதைக் கூட்டம் கூட்டமாக விளக்கியவள் நான். ஆனால் வெந்தயத்திலிருந்து நேரே கத்திக்குத் தாவப் பார்த்தேன். நடுவில் இருந்த படி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொறுமையும் கூச்சமில்லாத ஒரு பதிலும் தேவைப்பட்டன. என்னிடம் இரண்டும் கையிருப்பில் இல்லை. "முதல்ல மாத்திரையை ஒழுங்கா போடுங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

மிச்சம் இருப்பது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள், வெளுத்த திட்டு தெரிகிறதா என்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு தடவை இதைச் செய்தார்கள். அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வந்தது. இந்தக் கதையை நான் சொன்னால் கூட்டமே அசையாது. என் முறை வரும்போது மட்டும் ஆடி மாதம், தீமிதி, விருந்தாளி, மழை.

போன கூட்டத்தில் என் பேச்சைக் கேட்ட பெண் ஒருத்தி பரிசோதனை முடித்துவிட்டு வந்தாள். "அவ்ளோதாங்க்கா, ஊசிகூட கிடையாது. நீங்க எப்போ எடுத்தீங்க?"

"கொஞ்ச நாள் ஆச்சு" என்றேன்.

"அப்போ மறுபடியும் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகவே பேசியிருப்பேன்.