மெட்ரோலாக்கும் அளவையும்

1960-களில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா பால்மரம் வெட்டினார். வாளிகள் ஸ்டோருக்கு வந்ததும் கிராணி பாலில் தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை மிதக்கவிடுவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். அது காட்டும் எண்ணை வைத்துத்தான் கூலி. அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடினோம். அங்கேயும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஈப்போவில் ஐந்தாம் படிவம் முடித்து, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தேன். பிறகுதான் பியேர் டூயெம் 1906-இல் வெளியிட்ட நூல் கைக்கு வந்தது. அவர் இயற்பியலாளர், கத்தோலிக்கப் பக்தர். கருவி காட்டும் ஒவ்வோர் அளவுக்கும் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது என்று வாதித்தவர். பாலில் ரப்பரைத் தவிர வேறு பொருள்களும் இருக்கின்றன. அவற்றின் அளவு மாறினால் மெட்ரோலாக்கின் எண்ணும் பிசகும். அம்மாவின் கூலி ஓர் அனுமானத்தின்மேல் நின்றிருக்கிறது.

பிறகு சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைத் திறந்தபோது வியந்தேன். அருணந்தி சிவாசாரியார் பதியாகிய இறைவனைப் பற்றிப் பேசுமுன் காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, ஆராய்கிறார். இயற்பியல் வகுப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் சைவ நூலில் இருந்தது. ஆசிரியராக இயற்பியலையும் சைவத்தையும் சேர்த்தே கற்பிப்பது என்று அன்று முடிவு செய்தேன். முன்னோடியும் இருந்தார். 1892-இல் இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்தர் அறிவியல் ஆசிரியராக இருந்து, 1924-இல் துறவு பூண்டு, 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானவர். 1947-இல் வந்த அவருடைய யாழ் நூல், பண்டை இசையை நரம்பின் நீளக் கணக்கோடு ஆராய்கிறது.

இன்று அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது, தொழிலாளர் லயங்கள் இல்லை. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. ஆனால் 2004-இல் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட நடராசர் சிலையின் படத்தை அனுப்பி, "சைவத்தை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, சார்" என்கிறார்கள் படித்த பிள்ளைகள். அது இந்தியா கொடுத்த அன்பளிப்பு. சான்றல்ல.

சைவத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. எதை எந்த வழியால் அறிந்தோம் என்று கேட்கும் துணிவு அதற்குள்ளேயே இருக்கிறது. கோயில் சமய வகுப்புகளில் தேவாரத்தோடு அளவையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியர்கள் ஒவ்வோர் எண்ணும் எதை நம்பி நிற்கிறது என்று காட்ட வேண்டும். அப்படி வளரும் பிள்ளை இறைவனையும் விஞ்ஞானத்தையும் இரவல் பெருமைக்காகப் பிடித்துக்கொள்ளமாட்டாள்.