பெரிய டாக்டர்

அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டருக்குப் பதவி உயர்வு வந்தால், அவருக்கும் நோயாளிக்கும் நடுவே இன்னும் ஓர் ஆள் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எனக்கு நடுவில் யாரும் இல்லை. டீன் ஆனபோது ஆர்.எம்.ஓ., நர்சிங் சூப்பரின்டென்டென்ட், துறைத் தலைவர்கள், ஒரு தபேதார், ஒரு தேக்குக் கதவு.

1980-களின் நடுவில், தெற்கத்தி ஊர் ஒன்றின் பெரியாஸ்பத்திரியில் நான் ஹவுஸ் சர்ஜன். அட்மிஷன் டே என்றால் 24 மணி நேரமும் வார்டுதான். கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களில் யாருக்கு ராத்திரி மூச்சு முட்டியது, யாருடைய மனைவி ஆடு விற்றுப் பணம் கொண்டுவர ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ரவுண்ட்ஸில் வாய் திறக்க முடியாது. சீஃப் கேட்டால் ஏ.பி. என்கிற உதவிப் பேராசிரியர் பதில் சொல்வார். அவருக்குத் தெரியாவிட்டால் பி.ஜி. என்கிற முதுநிலை மாணவர் சொல்வார். பி.ஜி.க்கும் தெரியாவிட்டால் என்னைத் திரும்பி முறைப்பார். டீன் ஆன பிறகு நான் எதைச் சொன்னாலும் அறையே தலையாட்டியது. அப்போது எனக்கு ஒரு நோயாளியின் பெயர்கூடத் தெரியாது.

சி.டி. ஸ்கேன் என்பது அன்று சென்னைக்கு அனுப்ப வேண்டிய சமாசாரம். எங்களுக்கு இருந்தது கண், கை, காது. 1816-ல் பிரான்சில் லென்னக் என்ற டாக்டர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டித் தொடங்கிவைத்த ஸ்டெத். பரீட்சையில் நிச்சயம் வரும் கேஸ் மிட்ரல் ஸ்டெனோசிஸ். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், வால்வைச் சுருக்கிவிட்டுப் போன பாக்கி அது. ஸ்டெத்தின் பெல் பக்கத்தை வைத்து, நோயாளியை இடப்பக்கம் சாய்த்தால்தான் அந்த மர்மர் தூரத்து இடி உருளுவதுபோலக் கேட்கும். வருஷா வருஷம் பரீட்சைக்கு வந்து படுத்த நோயாளிகளுக்கு இந்தப் பாடம் எங்களைவிட நன்றாகத் தெரியும். எம்.டி. பரீட்சையில் என் கை நடுங்குவதைப் பார்த்து ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்: “இடது பக்கமா சாயட்டா தம்பி? மூச்ச வெளிய விட்டு நிறுத்தணும்ல?”

பிற்பாடு நானே எக்ஸாமினர் ஆகிப் போனபோது அப்படிப்பட்ட நோயாளி கிடைப்பதே அரிதாகிவிட்டது. ருமாட்டிக் காய்ச்சல் குறைந்தது ஊருக்கு நல்ல செய்தி. பரீட்சைக்குக் கேஸ் பிடிக்கிற பி.ஜி.க்குத்தான் துக்கம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டோரில் மருந்தில்லை, வெளியில் வாங்கி வாருங்கள் என்று ஏழையிடம் சீட்டு நீட்டிய கைகளில் என் கையும் ஒன்று. 1995-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாஸ் புக் கொடுத்து மருந்து வழங்க ஆரம்பித்த பிறகு, அந்தச் சீட்டு எழுதும் கலையில் எனக்கிருந்த தேர்ச்சி வீணாயிற்று. நல்லவேளை.

எங்கள் சீஃப் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். நாடி பிடிக்குமுன் “சாப்டியாப்பா?” என்பார். இதை அவர் எங்களுக்கு வகுப்பில் நடத்தவில்லை. பக்கத்தில் நின்றோம், தொற்றிக்கொண்டது. 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் இதற்கு ஏட்காம் என்று பெயர். மணிக்கணக்கு உண்டு, லாக் புக் உண்டு. மாணவர் நோயாளியிடம் பரிவாகப் பேசினார் என்பதற்கு ஆசிரியர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விடுபட்டால் பரிவு நடக்கவில்லை.

பேராசிரியர் ஆனதும் ஒன்று புரிந்தது: பாடம் நடத்துவதைவிட, எண்ணும்போது இருப்பது முக்கியம். புதிதாய்த் தொடங்கிய ஏதோ ஒரு கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஆர்டர் வரும். ராத்திரி பஸ் ஏறி, காலையில் அங்கே பேராசிரியராக உட்கார்ந்து, தலை எண்ணப்பட்டு, மறுநாள் சொந்த வார்டுக்குத் திரும்புவோம். அங்கே மாணவர்கள், “சார் எந்த ஊருக்குப் போயிருந்தீங்க?” என்று கேட்கமாட்டார்கள், “எந்த டிபார்ட்மென்ட்டா போனீங்க?” என்று கேட்பார்கள். அதே மாணவர்கள் இன்று பேராசிரியர்கள். செல்போனில் முகத்தைக் காட்டினால்தான் அவர்களுக்கு அட்டெண்டன்ஸ். எங்கள் முகத்தை அந்தக் காலத்தில் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது நோயாளிகள் மட்டும்தான்.

டீன் என்றால் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே தலை. முப்பது வருஷம் இதயமும் நுரையீரலும் நடத்தியவனிடம் தினமும் காலையில் வந்த கேள்விகள்: மூன்றாவது மாடி லிஃப்ட், ஜெனரேட்டர் டீசல், பிரசவ வார்டு வாசலில் நாய், அடைத்துக்கொண்ட சாக்கடை, கழித்துக்கட்டிய கட்டில்களுக்கு ஏலத் தேதி. “நோயாளிக்கு என்ன?” என்று யாரும் கேட்கவில்லை. “ஃபைலுக்கு என்ன ஆச்சு?” என்றுதான் கேட்டார்கள்.

58 வயது முடிந்து 2020 நடுவில் நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள்; 2021 பிப்ரவரியில் 60. வழியனுப்பு விழாவுக்கு மாலை சொல்லிவைத்திருந்த சூப்பரின்டென்டென்ட் இரண்டு தடவை கேன்சல் செய்தார். இடையில் கோவிட்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போனால், 90 சதவீதத்தில் நிற்கும் செறிவு சரசரவென்று சரியும் என்று கரும்பலகையில் வளைகோடு வரைந்து காட்டியே பெயர் வாங்கியவன் நான். 2021 மே மாதம் நான் பார்த்த அளவு ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற டேங்கின் முள். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாகும் என்ற கணக்கு எந்த மருத்துவப் புத்தகத்தைவிடவும் நன்றாக மனப்பாடமாயிற்று. என் மாணவர்கள் பி.பி.ஈ. கிட்டுக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு நோயாளியின் தலைமாட்டில் நின்றார்கள். நான் டேங்கர் லாரி டிரைவருக்குப் போன் போட்டு, எந்த டோல்கேட் தாண்டியாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி வராவிட்டால் அவர்கள் கற்ற வைத்தியம் எதற்கும் வேலையில்லை. ஆக, என் சர்வீஸிலேயே அதிக உயிர்களைக் காப்பாற்றிய மருத்துவ ஆலோசனை, “அண்ணே, டீ குடிக்க நிறுத்தாதீங்க” என்பதாகத்தான் இருக்கும்.

வார்டில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார் என்பதைத் தவிரத் தன் கல்லறையில் வேறெதுவும் எழுத வேண்டாம் என்றாராம் புகழ்பெற்ற மருத்துவ ஆசிரியர் வில்லியம் ஆஸ்லர். டீன் அறைப் பலகையில் அதற்கு இடமில்லை. பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. நானும் அந்தப் பலகையில் ஒரு வரி.

இப்போது சாயங்காலங்களில் வீட்டு முன்னறையில் நோயாளி பார்க்கிறேன். போன மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஓர் அம்மா வந்தார். இடப்பக்கம் சாய்த்து, பெல்லை வைத்து, மூச்சை நிறுத்தச் சொன்னேன். பல வருஷம் கழித்து அந்த மர்மர்! நான் ரசித்துக் கேட்டுக்கொண்டே இருந்ததில் மகன் பொறுமை இழந்துவிட்டான். “ஸ்கேன் எதுவும் எழுதலையா சார்? பெரிய டாக்டர்னு சொன்னாங்களே.”

எக்கோ எழுதினேன், எப்படியும் எழுத வேண்டியதுதான். ரிப்போர்ட்டோடு வந்தவன் உற்சாகமாகச் சொன்னான்: “பாத்தீங்களா சார், மெஷின்ல கரெக்டா கண்டுபிடிச்சுட்டாங்க. வால்வு சுருங்கியிருக்காம்.”

“ஆமா தம்பி, நல்ல மெஷின்” என்று சொல்லிவிட்டு, பலூன் வைத்து வால்வை விரிக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதினேன். பெயருக்குக் கீழே ‘முன்னாள் டீன்’ முத்திரையையும் அழுத்திக் குத்தினேன். என் காதை நம்பி யாரும் அட்மிஷன் போடமாட்டார்கள். இந்த முத்திரைக்கு கார்டியாலஜியில் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும்.