முள் சொன்ன பொய், எண் சொல்லும் பொய்

எண்பதுகளில் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து டேனரிகளில் மெயின் போர்டின் நடுவே வட்ட முகத்தோடு ஒரு வோல்ட் மீட்டர் இருக்கும். இரண்டு ஃபேஸுக்கு இடையே 415 காட்ட வேண்டிய முள் 350-க்கு இறங்கினால், தோல் ஏற்றிய மர டிரம்மை நிறுத்திவிடுவார்கள். லோ வோல்டேஜில் சுமையை இழுத்தால் மோட்டார் வைண்டிங் கருகிவிடும். அடுத்தது மின்வாரியத்தைத் திட்டுவது.

பல நேரம் மின்வாரியத்தின் மேல் தப்பே இருக்காது. தோலின் மயிர் கழிக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவோம். அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்ற வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். மீட்டருக்குக் கீழே இருக்கும் செலக்டர் சுவிட்சின் காண்டாக்ட் கறுத்தால், மீட்டருக்குப் போகும் கரண்ட் தடைபட்டு முள் இறங்கும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர், "மீட்டர அப்பறம் தொறக்கலாம். மொதல்ல சுவிட்ச பாரு" என்பார். மெயினை அணைத்து, காண்டாக்டைத் துடைத்து, தளர்ந்த திருகுகளை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் மீட்டர். கரண்ட் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் முகத்திலுள்ள சின்னத் திருகைத் திருப்ப வேண்டும். கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டும்போது முள் இடம் மாறினால் அச்சில் உராய்வு. உலர்ந்த துணியால் துடைத்ததும் முள் இழுபட்டால் அது நிலைமின்சாரம், ஈரத்துணி போதும். செங்குத்தாக நிற்க வேண்டிய மீட்டரை மேஜையில் படுக்கவைத்துப் பார்த்து, கெட்டது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 500 வோல்ட் மீட்டரில் 1.5 வகுப்பு என்று போட்டிருந்தால் ஏழரை வோல்ட் முன்பின் காட்டுவது பழுதல்ல.

இன்று எல்லார் பையிலும் டிஜிட்டல் மீட்டர். ஃபியூஸைப் பிடுங்கிய ஒயரிலும் அது 80 வோல்ட் என்று காட்டும். பையன்கள் மதியம் வரை கோளாறு தேடுவார்கள். ஒரே பைப்புக்குள் பக்கத்தில் ஓடும் கரண்ட் உள்ள ஒயர் தூண்டிவிடும் பொய் வோல்டேஜ் அது. டிஜிட்டலின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதனால் கரண்டை ஏறக்குறைய இழுக்காமலே அந்தப் பொய் வோல்டேஜை அப்படியே காட்டிவிடுகிறது. பழைய முள் மீட்டரோ தான் அசையவே கொஞ்சம் கரண்ட் இழுக்கும். அந்த இழுப்பில் பொய் வோல்டேஜ் விழுந்துவிடும். குறை என்று எதை ஒதுக்கினோமோ, அதுதான் இங்கே உண்மையைச் சொல்கிறது.

டேனரியில் வேலை பார்க்கும் தம்பிகளே, நல்ல நிலையிலுள்ள முள் மீட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எந்த மீட்டரானாலும், ஒயரைச் சோதிக்கும் முன்னும் பின்னும் கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.