ராஜாவுக்கு ஒரு நாற்காலி

1757-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜ், அரண்மனை நூலகத்தை அப்படியே தூக்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்துப் பட்டத்துக்கு வந்த பேரன் மூன்றாம் ஜார்ஜுக்கு மிஞ்சியது வெறும் அலமாரி. மனுஷன் ரோஷக்காரர். ஆயுசு முழுக்க வாங்கிக் குவித்தார், சுமார் 65,000 புத்தகம். நடுவில் அமெரிக்கா கைநழுவிப் போனது வேறு கதை.

மகன் நாலாம் ஜார்ஜ் வேறு ரகம். விருந்து, உடுப்பு, கடன் மூன்றிலும் கரை கண்டவர். அப்பாவின் புத்தகங்கள் இருந்த பக்கிங்ஹாம் வீட்டைப் பெரிய அரண்மனையாக்க ஆசை, புத்தகமோ இடைஞ்சல். ரஷ்ய ஜாருக்கு விற்கப் பார்க்கிறார் என்று ஊர் பேசியது. 1823-ல் எல்லாவற்றையும் நாட்டுக்கே தானம் என்று அறிவித்தார். வீடும் காலி, புண்ணியமும் வரவு.

புத்தகங்கள் போய்ச் சேர்ந்த பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு வழக்கம். பொருள் வந்த குடும்பத்துக்கு, நம்மூர்க் கோயில்களைப் போலவே, பரம்பரை அறங்காவலர் பதவி. ஸ்லோன் வீட்டாருக்கு உண்டு, காட்டன் வீட்டாருக்கு உண்டு. பார்த்தினான் கோயில் சிற்பங்களைப் பெயர்த்து வந்து 35,000 பவுண்டுக்கு விற்ற எல்ஜின் பிரபுவுக்கும் 1816-ல் கொடுத்தார்கள். காசும் வாங்கிக்கொண்டு நாற்காலியும்! சும்மா கொடுத்த ராஜாவுக்குத்தான் இல்லை.

இது அடுக்குமா? 1832-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது: ராஜா தன் பங்குக்கு ஓர் அறங்காவலரை நியமிக்கலாம். தானம் செய்தவர் 1830-லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் யோகம் தம்பி நாலாம் வில்லியத்துக்கு அடித்தது. 1963-ல் புதுச்சட்டம் வந்து குடும்ப நாற்காலிகளையெல்லாம் தூக்கி வெளியே போட்டது. ராஜ நாற்காலி மட்டும் அசையவில்லை. 1972-ல் மியூசியத்தின் நூலகத்தைப் பிரித்து பிரிட்டிஷ் நூலகத்துக்குத் தனிச்சட்டம் எழுதியபோது, அதன் குழுவிலும் அரண்மனைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

சரி, நம்மூர் கடையநல்லூருக்கு வருவோம். இங்கே நூலகத்துக்குப் படியளப்பது ராஜா அல்ல, வீட்டு வரி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வருஷக்கணக்கில் நச்சரித்ததன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது 1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் ஒட்டிக்கொண்டது. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. தறிக்காரர் வீடானாலும், வளைகுடாக் காசில் எழும்பிய மாடி வீடானாலும் விலக்கு கிடையாது. கொடுத்தவர்களுக்கெல்லாம் அறங்காவலர் பதவி என்று ஆரம்பித்தால் ஊரில் பாதிப்பேர் நாற்காலியில்தான் இருப்பார்கள்.

பதவி கிடக்கட்டும். அடுத்த முறை கிளை நூலகத்தில் பேப்பர் படிக்க உட்கார இடமில்லையென்றால், வரி ரசீதைக் காட்டி ஒரு நாற்காலி கேளுங்கள். எல்ஜின் பிரபுவைவிட உங்களுக்கு உரிமை அதிகம்.