கம்பியில்லா வேலி

கேள்வி: கம்பியே இல்லாமல் வேலி போடலாமாமே? எங்கள் பலமநேர் பக்கம் யானைகளை அது நிறுத்துமா?
- வாசகர், சித்தூர்

பதில்: ஆட்டை நிறுத்தும். நார்வேயில் ஆடுமாடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி, செல்போன் வரைபடத்தில் எல்லை வரைகிறார்கள். எல்லையை நெருங்கினால் பட்டை பாடும். பாட்டை மதிக்காவிட்டால் லேசாக ஒரு ஷாக். பாட்டு கேட்டதுமே திரும்பிவிட ஆடு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

யானை வேறு ரகம். சோலார் வேலிமேல் மரத்தைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் போகத் தெரிந்த பிராணி அது. 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து மாநில எல்லையையே மதிக்காமல் வந்து குடியேறியவைதானே உங்கள் பக்கத்துக் கவுண்டின்யா காட்டு யானைகள்! அவற்றுக்கு 1990-இல் சரணாலயமும் கிடைத்தது.

ஆகவே, கருவி மனிதனை எச்சரிக்கட்டும். கென்யாவில் கிமானி என்ற யானை எல்லை தாண்டும்போதெல்லாம் அதன் கழுத்துப்பட்டை காவலர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியது. சொல்லிவிட்டுத் திருட வந்த ஒரே திருடன் அவன்தான்! கோவை மதுக்கரையில் 2024 முதல் வெப்பக் கேமராக்கள் தண்டவாளத்தருகே யானையைக் கண்டு ரயில்வேக்குச் சொல்கின்றன. பலமநேருக்கும், திருப்பதிப் பக்கம் சந்திரகிரித் தோப்புகளுக்கும் அதுதான் வேண்டும். 2025 மே மாதம் கர்நாடகம் ஆந்திரத்துக்கு, காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய கும்கிகளைத் தந்தது நல்ல காரியம். ஆனால் கும்கி வந்து சேர்வதற்குள், இரவில் தோப்பில் தனியே காவலிருக்கும் விவசாயியின் போன் அடிக்க வேண்டும். எஸ்எம்எஸ் போதாது, தெலுங்கிலும் தமிழிலும் குரலாகவே வரட்டும்.