தகரத்துக்குள் மிளகுத்தண்ணி

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுநடுவே ஆங்கிலேயர் பறித்ததைத் தள்ளினால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. உணவைச் சூடேற்றி அடைத்துக் காக்கும் வித்தைக்காக 1810-இல் நிக்கோலா அப்பேருக்கு 12,000 பிராங்க் தந்ததும் பிரெஞ்சு அரசுதான். அவர் கண்ணாடிப் புட்டியோடு நின்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நியாயப்படி நம் ரசத்தைப் பிரெஞ்சுக்காரர் அல்லவா அடைத்திருக்க வேண்டும்? அடைத்தவர்கள் ஆங்கிலேயர். மிளகுத்தண்ணி ‘முல்லிகடானி’ ஆகி, கறித்தூள், இறைச்சி, சிலர் கைவண்ணத்தில் ஆப்பிள் என்று சேர்த்துக்கொண்டு டின்னில் ஏறியது. மிளகு எங்கே என்று கேட்கக் கூடாது. அதுதான் பெயரில் இருக்கிறதே.

ரசம் சோற்றில் ஊற்றுவது, சூப்பாகாது என்பார்கள். சரி, காரைக்காலின் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், வசதிப்பட்டால் கொஞ்சம் கறி: கோப்பையில் குடிக்கிற இது சூப் இல்லையென்றால் வேறெது சூப்? ஓட்டல் பட்டியலில் சோளமாவு கரைத்த வெந்நீருக்குக் கிடைக்கும் அந்தப் பட்டம் இதற்கு மட்டும் கிடைப்பதில்லை. டின் இரண்டு வருஷம் கெடாது, கஞ்சி ஒரு ராத்திரி தாங்காதே என்று மடக்கலாம். ரமலான் மாலையில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும் ஊரில், மிச்சமிருந்தால்தானே கெடுவதற்கு? உண்மையான இடைஞ்சல் வேறு. அங்கே கஞ்சியை இலவசமாக ஊற்றுகிறார்கள். டின் என்றால் மேலே ஒரு விலை ஒட்டியாக வேண்டும்.