கொட்டேஷனில் விடுபட்ட புகை

பெறுநர்: வடிவமைப்புத் துறைத் தலைவர், மாடுலர் கிச்சன் நிறுவனம், சென்னை.

பொருள்: ‘கிராமத்துச் சமையலறை’ கொட்டேஷனில் விடுபட்டவற்றைச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

எங்கள் புது வீட்டுக்குத் தாங்கள் அனுப்பிய கொட்டேஷன் கிடைத்தது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து படித்தோம்.

சேம்பர் செங்கல் அடுக்கி, சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவர்மேல் செங்கல் மாதிரியே தெரியும் டைல்ஸ் ஒட்டித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே மூச்சடக்கிக் கிடக்கும் அசல் செங்கல்லுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். ‘தேக்கு உத்தரம்’ என்பது உள்ளே வெற்றுப் பெட்டி, வெளியே மரக்கோடு போட்ட தாள் என்று தங்கள் ஆசாரியே சொல்லிவிட்டார். பார்வைக்குக் கம்பீரம், பாரம் எதுவும் தாங்காது. எங்கள் குடும்பத்திலும் அப்படிச் சில மாமாக்கள் உண்டு என்பதால் ஆட்சேபம் இல்லை.

தரைக்கு ‘ஆத்தங்குடி’ என்றிருக்கிறது. காரைக்குடிப் பக்கத்து அந்த ஊரில் கண்ணாடிமேல் கலர்க் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, கையாலேயே வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளைப் பக்கமே போகாத கல் அது. புழங்கப் புழங்கப் பளபளக்கும். தாங்கள் தருவது அதன் படம் அச்சடித்த டைல்ஸ். சரி, போகட்டும்.

ஆட்டுக்கல்லைத்தான் விட மனமில்லை. ‘பழமையான ஆட்டுக்கல், குழியில் பூ மிதக்கவிட’ என்று ஒரு வரி. குழவி எங்கே என்றால், “அது இடைஞ்சல் சார்” என்கிறார் தங்கள் டிசைனர். அந்த இடைஞ்சலைச் சுற்றித் தோள் இற்றுப்போன பெண்களுக்காகத்தான் கோயம்புத்தூரில் குழவியை நிற்கவைத்துக் கல்லைச் சுழலவிட்டு கிரைண்டர் செய்தார்கள். 2011-இல் ஜெயலலிதா அரசு மிக்சியையும் கிரைண்டரையும் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. கொல்லையில் நாங்கள் கவிழ்த்துப் போட்ட கல்லைக் கழுவி, எங்களிடமே விற்கிறீர்கள்.

அந்த டிசைனர் என் அம்மாவிடம், “பழைய அடுப்படியில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?” என்று கேட்டார்.

“வெளியே வர்ற வாசல், தம்பி.”

அவர் உடனே குறித்துக்கொண்டார். கொட்டேஷனில் ‘வளைவு வாசல்’ என்று தனித் தொகை ஏறியிருக்கிறது.

கிராமம்தான் என்று முடிவான பிறகு அதை அரைகுறையாக வாங்க விருப்பமில்லை. ஐப்பசி மழையில் நனைந்த விறகு ஒரு கட்டு, ஒரு ஊதுகுழல், அதை ஊத ஓர் ஆள் ஆகியவற்றையும் சேர்க்கவும். ஆள் கிடைக்காவிட்டால் தங்கள் நிர்வாக இயக்குநர் வந்தாலும் சம்மதமே. சுவரில் கரி படிய வேண்டிய இடத்தில் புகை உறிஞ்சும் சிம்னியை மாட்டியிருக்கிறீர்கள், எடுத்துவிடவும். வெண்கலப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது வாரன்டியில் அடங்குமா என்றும் தெரிவிக்கவும். பழைய அடுப்படியில் மெய்யாகவே கெட்டிக்காரத்தனமான ஒன்று கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு வேகும்போதே, அந்த அனலில் தனி விறகில்லாமல் பக்கத்தில் குழம்பு கொதிக்கும். அதைத் தங்கள் படங்கள் ஒன்றிலும் காணோம். அழகில்லை போலும்.

முன்பணம் கேட்டு மூன்றாம் நினைவூட்டலும் வந்திருக்கிறது. கிராமத்து முறைப்படி, அறுவடை முடிந்ததும் நெல்லாக அளந்து விடுகிறோம். சாக்கும் மரக்காலும் தாங்கள் கொண்டுவரவும். போட்டோவுக்கு நன்றாக வரும்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் கட்டும் வீட்டுக்காரர்